குளத்துக்குக் கீழே கல்லூரி: பருவமழைக்கு முன் அவசரகாலத் திட்டம் எழுத உதவி வேண்டும்

பேட்டைக்காரி:

வணக்கம். திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாதுகாப்புக் குழுப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஏற்கெனவே ‘பேரிடர் மேலாண்மைத் திட்டம்’ என்று 60 பக்கக் கோப்பு ஒன்று உண்டு. ஆய்வுக் குழு வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. சுனாமிக்கு 4 பக்கம் இருக்கிறது, பக்கத்துக் குளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் உருப்படியாக ஒன்று எழுத வேண்டும்.

இட விவரம்: 40 ஏக்கர். மேற்கே ஒரு கிலோமீட்டரில் குளம், நாங்கள் அதன் கரைக்குக் கீழ்ப்பக்கம். பகலில் சுமார் 2,200 பேர். விடுதிகளில் பெண்கள் 420, ஆண்கள் 260, தங்கும் பணியாளர்கள் 60. 125 கேவிஏ ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்தின் பின்னால் தரையோடு தரையாக நிற்கிறது. வேதியியல், விலங்கியல் ஆய்வகங்கள், 900 பேர் அமரும் அரங்கம், இரண்டு மெஸ்.

கேட்க வேண்டியவை: மழையில் எந்தக் கட்டத்தில் என்ன செய்வது? விடுதி 3 நாள் துண்டிக்கப்பட்டால் எவ்வளவு கையிருப்பு? தீ, பாம்புக்கடிக்கு எதை எழுதி ஒட்டுவது? ராத்திரி 2 மணிக்கு ஒன்று நடந்தால் யார் முடிவெடுப்பது?

மறுகால்:

மேடம், முதலில் அந்தச் சுனாமிப் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள். பேட்டைக்குக் கடல் வராது, குளம் வரும்.

நம்ம ஊரில் எல்லோரும் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணை மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆற்றங்கரைக்கு அது போதும். 2023 டிசம்பர் 17, 18-ல் மழை கொட்டியது மலையில் மட்டும் இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ., மூலைக்கரைப்பட்டியில் 60 செ.மீ.க்கு மேல். சமவெளியிலேயே அப்படிப் பெய்தால் அணை திறக்கும் முன்பே குளங்கள் நிறையும். நம்ம குளங்கள் ஒன்றின் மறுகால் (குளம் நிறைந்து வழிகிற தண்ணீர்) அடுத்ததில் விழுகிற தொடர். மேலே ஒன்று உடைந்தால் அந்த மொத்தத் தண்ணீரும் கீழ்க்குளத்தின் கரையில் வந்து மோதும். ஆகவே உங்கள் குளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது எந்தக் கால்வாயில் நீர் வாங்குகிறது, நெல்லைக் கால்வாயா கோடகன் கால்வாயா, அதற்கு மேலே எத்தனை குளம், மறுகால் எந்தப் பக்கம் போகிறது, மடை எங்கே என்று ஒரு தாளில் வரையுங்கள். நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்திலும், அந்தக் குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற ஆளிடமும் கேட்டால் கிடைக்கும். அந்த ஆளின் கைபேசி எண் உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, சொந்தமாக ஒரு மழைமானி. 40 ஏக்கர் என்பது சுமார் 1,62,000 சதுர மீட்டர். 100 மி.மீ. மழை பெய்தால் உங்கள் வளாகத்துக்குள் மட்டும் 1 கோடியே 62 லட்சம் லிட்டர் விழுகிறது. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கிற மோட்டாரை வைத்தாலும் 11 நாள் ஓட வேண்டும். ‘பம்ப் வைத்து இறைப்போம்’ என்று யாராவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். வெளியேறும் ஓடை திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கட்டங்களை நான் இப்படிப் பிரிப்பேன். மி.மீ. கணக்கு உங்கள் மண்ணையும் சரிவையும் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியது.

முதல் கட்டம், மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்ததும், அல்லது உங்கள் மானியில் 3 மணி நேரத்தில் 50 மி.மீ. பதிவானதும். மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பி வால்வை மூடுவது, டீசல் நிரப்புவது, பஸ்களை மேட்டுக்குக் கொண்டுபோவது, தரைத்தளக் கோப்புகளையும் கணினிகளையும் மாடிக்கு ஏற்றுவது.

இரண்டாம் கட்டம், குளம் மறுகால் பாயத் தொடங்கியதும், அல்லது மானி 100 மி.மீ. தொட்டதும். விடுதியின் தரைத்தளத்தைக் காலி செய்து எல்லோரையும் மாடிக்கு ஏற்றுங்கள். மின் பலகையில் தண்ணீர் ஏறும் முன் தரைத்தள இணைப்பைத் துண்டியுங்கள். ஏறிய பிறகு அந்தப் பலகைப் பக்கம் யாரும் போகக் கூடாது.

மூன்றாம் கட்டம், கரையின் வெளிப்பக்க அடியில் கசிவு. இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். தெளிந்த நீராகக் கசிந்தால் தகவல் சொல்லிவிட்டுக் கண்காணிக்கலாம். மண்ணைக் கரைத்துக்கொண்டு சேறாக வந்தால் கரைக்குள் துளை விழுந்து பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்குச் சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் எல்லோரும் மாடி. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் கிடைப்பது நிமிடக் கணக்குதான். கரையைப் பார்க்கப் போகிறவர்கள் இருவராகப் போகட்டும், உடைப்பின் அருகே நிற்க வேண்டாம்.

வாசல் தூணிலும் ஓடைப் பாலத்திலும் 15, 30, 60 செ.மீ. கோடுகளைப் பெயிண்டால் போடுங்கள். ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்க்கும், 30 செ.மீ. சின்ன காரைத் தூக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். 15-க்கு மேல் நடையும் வண்டியும் நிற்க வேண்டும்.

இன்னொன்று. மழை வலுத்ததும் ‘பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடு’ என்பதுதான் எல்லா முதல்வர்களுக்கும் முதலில் தோன்றுவது. ஆபத்தே அதுதான். 2023-ல் திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது, சாலைகளும் அறுந்தன. விடுமுறை விடுவதானால் முந்தின நாள் சாயங்காலமே விட வேண்டும். மாணவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், மழையும் பிடித்துவிட்டது என்றால், மாடி வகுப்பறையில் வைத்துச் சோறு போடுவதே பாதுகாப்பு. ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர் பக்கத்துப் பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஜெனரேட்டரை இப்போது நிற்கிற இடத்தில் விடாதீர்கள். அந்த இடத்தில் கடைசியாக வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேல் குறைந்தது 60 செ.மீ. உயரத்தில் மேடை கட்டி ஏற்றுங்கள். மாற்று ஸ்விட்ச் பலகையும் டீசல் டாங்க்கின் காற்றுக் குழாயும் அதே உயரத்துக்குப் போக வேண்டும். எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டுப் பலகையைக் கீழேயே விடுவதுதான் பல இடங்களில் நடப்பது.

இரவுச்சாவி:

அண்ணாச்சி தண்ணீரைச் சொல்லிவிட்டார்கள். விடுதிப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

சாவியிலிருந்து தொடங்குங்கள். பெண்கள் விடுதியில் ராத்திரி வெளிக்கதவு, மாடிப்படிக் கிரில், மொட்டை மாடிக் கதவு மூன்றும் பூட்டியிருக்கும். மூன்றுக்கும் ஒரே கொத்து, அது காப்பாளர் அறையில். தீயோ தண்ணீரோ காப்பாளர் அறைப் பக்கத்திலிருந்து வந்தால் 420 பேரும் உள்ளே மாட்டுவார்கள். ஒவ்வொரு தளத்திலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செட், வாசல் காவலரிடம் ஒரு செட். அதைவிட நல்லது, உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்கும் தாழ்ப்பாளும், திறந்தால் மணி அடிக்கிற ஏற்பாடும். வெளியே போகிறார்களா என்ற கவலைக்கு மணி போதும், பூட்டு வேண்டாம். ஜன்னல் கம்பிகளில் தளத்துக்கு இரண்டையாவது கீல் வைத்துத் திறக்கிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள்.

கூடுமிடம் ஒன்று போதாது. தீக்குத் திறந்த மைதானம். வெள்ளத்துக்கு அதே மைதானத்துக்குப் பிள்ளைகளை இறக்கினால் வளாகத்திலேயே பள்ளமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். ஆகவே மணியும் இரண்டு விதம்: விடாமல் அடித்தால் தீ, வெளியே, விட்டு விட்டு அடித்தால் வெள்ளம், மேலே. மின்சார மணியை நம்ப வேண்டாம். தளத்துக்கு ஒரு தொங்கும் தண்டவாளத் துண்டும் சுத்தியலும் போதும்.

தலை எண்ணுவதுதான் எப்போதும் சொதப்பும். மொத்தம் 420 என்று எண்ணிப் பயனில்லை, அன்றைக்கு ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். ராத்திரி 9 மணி வருகைப் பட்டியலின் ஒரு நகல், காகிதத்தில், வாசல் காவலரிடம் தினமும் போக வேண்டும். செயலியில் இருக்கிறது என்பார்கள். மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும், செயலியும் போய்விடும். 446 மெகாஹெர்ட்ஸில் உரிமம் தேவைப்படாத சின்ன வாக்கி டாக்கிகள் கிடைக்கின்றன. 6 வாங்கி வையுங்கள்: இரண்டு விடுதி, வாசல், மெஸ், ஜெனரேட்டர், கட்டுப்பாட்டு அறை. கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர்தான் எட்டும். நடந்து பார்த்து, கேட்காத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையிருப்பு, 740 பேருக்கு 3 நாள்:

தண்ணீர் குடிக்க ஆளுக்கு 3 லிட்டர் என்றால் 6,660 லிட்டர். கேன் கணக்கில் 333 கேன், வைக்க இடம் கிடையாது. மேல்நிலைத் தொட்டியே கையிருப்பு. எல்லாத் தேவைக்கும் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் பிடித்தால் 3 நாளுக்கு 33,300 லிட்டர். வெள்ளம் தரைத்தொட்டிக்குள் இறங்கிவிட்டால் அதை மேலே ஏற்றவே கூடாது; ஏற்றினால் நல்ல தண்ணீரும் கெடும். ஆகவே முதல் கட்டத்திலேயே மேலே நிரப்பி வால்வை மூடிவிட வேண்டும்.

குளோரின்: 33 சதவீத பிளீச்சிங் பவுடர், 1,000 லிட்டருக்கு 4 கிராம். 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். வாளியில் குழைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுச் சோதனைக் குப்பியில் பாருங்கள், குழாய் முனையில் குளோரின் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மி.கி.) இருக்க வேண்டும். வரவில்லையா, அதே அளவு இன்னொரு முறை. பிரித்து வைத்த பவுடர் மாதக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும். போன வருட மூட்டையை நம்பாதீர்கள்.

சாப்பாடு: அரிசி ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் வைத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 300 கிலோ, 3 நாளுக்குச் சுமார் 900 கிலோ. ஆனால் இட்லி, தோசையைப் பட்டியலிலிருந்து எடுங்கள், கிரைண்டர் ஓடாது. ரவை, அவல், கஞ்சி, பருப்பு, ஊறுகாய். பால் பவுடர்.

கேஸ்: உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் வைக்கலாம், அதாவது 19 கிலோ சிலிண்டர் ஐந்து. உங்கள் மெஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆகிறது என்று பில்லைப் பார்த்து, சமையலை ஒரு வேளைக்கு ஒரே பண்டமாகக் குறைத்துக் கணக்குப் போடுங்கள். பலருக்கும் தெரியாதது, நிறைந்த சிலிண்டரே தண்ணீரில் மிதக்கும். 19 கிலோ கேஸும் கூடும் சேர்ந்து 40 கிலோவுக்குள், அது இடம்பெயர்க்கும் தண்ணீர் அதைவிட அதிகம். மிதந்தால் குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டாம் கட்டத்திலேயே வால்வை மூடி, சங்கிலியால் சுவரோடு கட்டச் சொல்லுங்கள்.

டீசல்: 125 கேவிஏ முக்கால் சுமையில் மணிக்கு 20 லிட்டர் சுமார் குடிக்கும். காலை 2 மணி நேரம், மாலை 2 மணி நேரம் மோட்டாருக்கும் கைபேசி சார்ஜுக்கும் ஓட்டினால் 3 நாளுக்கு 240 லிட்டர். நாள் முழுக்க ஓட்ட நினைத்தால் முதல் ராத்திரியே தீர்ந்துவிடும்.

இன்சுலின், ஆஸ்துமா பம்ப், வலிப்பு மாத்திரை யார் யாருக்கு என்று ஒரு பட்டியல். நாப்கின் ஒரு பெட்டி. தரைத்தளக் கழிப்பறை எதிர்த்து வரும், முதல் தளத்தில்தான் எல்லோரும்.

ஆய்வகம்_பாளை:

தீ பற்றிச் சுருக்கமாக.

நடைபாதைகளில் 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்புக் கருவி, எங்கே நின்றாலும் 15 மீட்டர் நடைக்குள் ஒன்று. கணினி அறை, மின் பலகைக்குக் கார்பன் டை ஆக்சைடு. மெஸ்ஸில் கொதிக்கிற எண்ணெய்க்கென்றே தனி வகை உண்டு, அதை வாங்குங்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்கு எழும்பும். சோடியம், மெக்னீசியத்துக்கு உலர்ந்த மணல் வாளி மட்டும், கார்பன் டை ஆக்சைடும் ஆகாது.

6 கிலோ கருவி 20 விநாடி கூடத் தாங்காது. குப்பைத் தொட்டி அளவுத் தீக்கு அது சரி. மேசை உயரத்தைத் தாண்டினால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து 101 அழைப்பதுதான் வேலை. மாதம் ஒருமுறை முள் பச்சையில் இருக்கிறதா, ஊசி சீல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், பவுடர் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். அடியில் இறுகிப்போன பவுடர் வெளியே வராது. கருவியை ஆய்வகத்துக்குள்ளே உள்மூலையில் மாட்டுவது வழக்கமான கோளாறு. தீயைத் தாண்டிப் போய் எடுக்கவா முடியும்? வாசலுக்கு வெளியே மாட்டுங்கள்.

கண்ணில் அமிலம் பட்டால் 15 நிமிடம் தொடர்ந்து கழுவ வேண்டும். அந்தக் குழாய் மோட்டாரை நம்பாமல் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேரே வர வேண்டும்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் தண்ணீர் பட்டால் எரியும் பொருட்கள், சோடியம், கால்சியம் கார்பைடு, தகரப் பெட்டியோடு மாடிக்கு. அமிலப் புட்டிகளை அவசரத்தில் உயர அலமாரியில் ஏற்றாதீர்கள், கண் மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும்.

900 பேர் அரங்கத்துக்கு எத்தனை கதவு என்று எழுதவில்லை. எத்தனை இருந்தாலும், நிகழ்ச்சி நடக்கும்போது எல்லாம் பூட்டில்லாமல், வெளிப்பக்கம் திறக்கிறபடி இருக்க வேண்டும். விழா நாளில் ‘வெளியாள் வந்துவிடுவான்’ என்று பின்கதவில் சங்கிலி போடுவார்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலுதவிக்காரன்:

பாம்புக்கடிக்கு ஒட்ட வேண்டியது இது. கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. கடிபட்ட கை, காலுக்குக் கட்டை வைத்து அசையாமல் வை. மோதிரம், கொலுசு கழற்று. நேரத்தைக் குறி. நடக்கவிடாதே. 108. பாம்பைத் தேடி அடிக்காதே.

மேடம், இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் பொதுவாக வலியும் வீக்கமும் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் அப்படி இல்லை. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியிருக்காது, பல் பட்ட தடம் கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தொங்குவது, பேச்சு குழறுவது. ‘மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கப்போட்டால் மூச்சு நின்றுவிடும். தரையில் படுத்த மாணவருக்கு விடிகாலை வயிற்றுவலியும் இமை தொங்கலும் சேர்ந்தால் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் பாம்புகளும் மேடு தேடி விடுதிக்குத்தான் ஏறும். அந்த நாட்களில் தரையில் பாய் வேண்டாம்.

விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் சேர்ந்து இருக்கிற பெரிய இடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை. ஆனால் நீங்கள் டவுன் பக்கம், அது ஆற்றுக்கு அக்கரை. ஆற்றில் வெள்ளம் ஏறிப் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினால் என்ன செய்வது என்பதற்குத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும். இக்கரையில் எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது என்று மழைக்கு முன்பே நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.

இடிக்கு: இடி கேட்டால் மைதானம் காலி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப. மரத்தடி கூடாது. மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலியைக் காவலர் கைபேசியில் போட்டுக்கொடுங்கள்.

பேட்டைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் இல்லை. எங்கள் கோப்பில் ‘முதல்வரின் ஒப்புதலுடன்’ என்று 14 இடத்தில் வருகிறது. அதை மாற்ற ஒப்புவார்களா தெரியாது. அண்ணாச்சி, ஓடையை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இரவுச்சாவி:

ஒப்புதல் வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், கையெழுத்து விழும். மணி அடிப்பது, கதவைத் திறப்பது, மாடிக்கு ஏற்றுவது, 101, 108, 112, 1077 அழைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது, இவற்றுக்கு அந்த நேரத்தில் வாசலில் நிற்கிற காவலரே போதும், பிறகு கேள்வி கேட்கக் கூடாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். விடுமுறை அறிவிப்பது, பணம் செலவழிப்பது, பத்திரிகைக்குப் பேசுவது, பெற்றோருக்குச் செய்தி விடுவது முதல்வருடையது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரிய பொறுப்பு வரிசையே இருக்கிறது. கல்லூரிக்கு ஐந்து போதும்: தலைமை, தலை எண்ணுபவர், மின்சாரம்-தண்ணீர், முதலுதவி, தகவல். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர். அந்த மூன்றில் ஒருவராவது வளாகத்திலேயே தங்குபவராக இருக்க வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்குத் தனிப் பட்டியல். 1077-ஐ வெளியூர்க் கைபேசியிலிருந்து அடித்தால் 0462 முன்னால் சேர்க்க வேண்டும் என்பதையும் அதே அட்டையில் எழுதிவிடுங்கள்.

ஒத்திகையை ராத்திரி 9 மணிக்கு வையுங்கள், ஒரு படிக்கட்டை ‘புகை’ என்று சொல்லி மறித்துவிட்டு. பேனர் கட்டி, புகைப்படக்காரரை வரவழைத்து, காலை 11 மணிக்கு நடத்துவது விழாக் கணக்கில் சேரும்.

மறுகால்:

ஓடையைக் கீழிருந்து மேலே பாருங்கள் மேடம். உங்கள் தண்ணீர் கடைசியாக எந்த வாய்க்காலில் விழுகிறதோ அங்கே தொடங்கி, எதிர்த்து நடந்து வாருங்கள். உள்ளே சுத்தம் செய்துவிட்டுச் சுற்றுச்சுவருக்கு வெளியே 20 அடியில் வாய்க்காலை யாராவது மண்ணடித்து வண்டி நிறுத்தியிருந்தால் எல்லாம் வீண். சுவரில் தண்ணீர் போகிற துவாரங்களுக்கு வலை போட்டிருந்தால் எடுத்துவிட்டு நெடுக்குக் கம்பி வையுங்கள், வலையில் இலையும் பாலித்தீனும் அடைந்து சுவரே அணையாகிவிடும். அடைத்துக்கொண்ட சுவர் தண்ணீரின் அழுத்தத்தில் மொத்தமாகச் சரியும், அதன் ஓரத்தில் விடுதி இருக்கிறதா என்று பாருங்கள். புரட்டாசிக்குள் ஒரு முறை, ஐப்பசி முதல் மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை. முதல் மழைதான் மேலே கிடக்கிற குப்பை எல்லாவற்றையும் கொண்டுவந்து உங்கள் துவாரத்தில் சேர்க்கும்.